பேரனுக்கு வாங்கிய பெயர்ப்படம்: ரோஸ் ஹில்லில் ஒரு சின்னக் கடை

என் பேரன் பெயர் பிலிப். பதினாறாம் நாள் பெயர் வைத்தபோது தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தங்க மோதிரத்தால் நான்தான் அந்தப் பெயரை எழுதினேன். எழுதும்போது ஒரு நொடி கை நின்றுவிட்டது. ஃபிலிப்பா, பிலிப்பா, பிலிப்புவா? முப்பத்தோரு வருடம் இந்த மொரீஷியஸ் தீவில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். சொந்தப் பேரனின் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அரிசி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மருமகள் பக்கத்தில் குனிந்து, "என்ன அத்தை?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, பழைய வேதாகமத்தில் பார்த்த ஞாபகத்தில் பிலிப்பு என்று எழுதி முடித்தேன்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்தப் பெயரை ஒழுங்காக எழுதிச் சட்டம் போட்டுத் தொட்டிலுக்கு மேலே மாட்ட வேண்டும் என்று. அதற்காகப் போன கடையைப் பற்றித்தான் இது. ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும். டீ-ஷர்ட், கோப்பை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அச்சடிக்கிற இடம். கண்ணாடிக்குப் பின்னால் சில பெயர்ப்படங்கள் தொங்குகின்றன. நடுவில் பெரிதாகப் பெயர், கீழே அதன் பொருள், எந்த மொழியில் பிறந்தது, வரலாற்றில் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் யார் என்று சின்ன எழுத்தில் ஒரு பத்தி. குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுக்க நல்ல பரிசு. வெறும் தாள் 1,400 ரூபாய், மரச்சட்டத்தோடு 2,200. தமிழில் வேண்டுமென்றால் 150 கூடுதல். அந்த 150 எனக்கு உறுத்தியது. கேட்டேன். தமிழில் தட்டச்சு செய்ய வேறு ஒருவரிடம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, அவருக்குப் போகிற காசு என்றான் கடைத் தம்பி. நியாயம்தான்.

எழுத்து விஷயத்தில் நம் ஆட்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 1998-இல் வந்த புது மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கியபோது எத்தனை கொதிப்பு! அடுத்த ஆண்டே தமிழை மேலே வைத்து மறுபடி அச்சடித்தார்கள். நான் அன்று முன்பணமாகக் கொடுத்த நூறு ரூபாய் நோட்டுகளில் நம் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது. அவர் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் படித்தால் ரெங்கநாதென் சீனிவாசென் என்று வரும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து போர்ட் லூயி துறைமுகத்தின் ஆப்ரவாசி காட் படிகளில் ஏறியவர்களின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான், அப்படியே நின்றுவிட்டது. எங்கள் குடும்பப் பெயரும் அப்படித்தான், என் கணவரின் கொள்ளுத்தாத்தா சுப்பராயன் பதிவேட்டில் வேறு ஒருவராகிவிட்டார். நம் பெயருக்கு நடந்ததை இன்னொரு மொழிக்காரன் பெயருக்கு நான் செய்யக்கூடாது என்று எனக்குப் பட்டது. பிலிப்பு கிரேக்கப் பெயர். அதற்குரிய மரியாதையோடு எழுத வேண்டும்.

ஐந்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். பதினோராம் நாள்தான் கிடைத்தது. நடுவில் மூன்று முறை போன் செய்தேன், இரண்டு முறை எடுக்கவில்லை.

முதல் அச்சைக் கடையிலேயே மேசை மேல் விரித்துப் பார்த்தேன். தாள் நல்ல தடிமன், மினுமினுப்பு இல்லாதது. விரலால் தடவினால் மை ஒட்டவில்லை. ஆனால் மேலே தமிழில் "ஃபிலீப்" என்று இருந்தது. அதற்குக் கீழே கிரேக்க எழுத்தில் பெயர். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் வீட்டில் என் பழைய மாணவி கொண்டுவந்து தந்த பிரெஞ்சு அகராதியில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து வைத்திருந்தேன். அவர்களுடைய 'ப' எழுத்து இரண்டு கால் நட்டு மேலே ஒரு கழி போட்ட பந்தல் மாதிரி இருக்கும். பிலிப்போஸ் என்ற பெயரின் நடுவே அந்தப் பந்தல் இரண்டு, ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். அச்சில் ஒரு பந்தல்தான் இருந்தது.

"தம்பி, ஒரு எழுத்து விழுந்துபோச்சு" என்றேன்.

"யாருக்கு மிஸ் தெரியப் போகுது?" என்று கிரியோலில் கேட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, களைப்பில் கேட்டான். பக்கத்தில் முப்பது டீ-ஷர்ட் காத்திருந்தது.

பென்சில் வாங்கி, தாளின் ஓரத்திலேயே அவனுக்கு எழுதிக் காட்டினேன். பிலோஸ் என்றால் பிரியமுள்ளவன், நண்பன். ஹிப்போஸ் என்றால் குதிரை. இரண்டும் சேர்ந்தால் பிலிப்போஸ், குதிரைமேல் பிரியம் கொண்டவன். சேரும்போது நடுவில் இருக்கிற 'ஹ' என்ற மூச்சு மறைந்து, 'பில்' என்பதன் ல் மேல் 'இ' ஏறி லி ஆகிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் புணர்ச்சி என்று வகுப்பில் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன், அதேதான். இரட்டைப் 'ப்' குதிரைக்குச் சொந்தமானது. ஒன்றை எடுத்தால் குதிரை நொண்டும். அடுத்தது அந்த ஃ. இன்றைய பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'ஃப' ஒலிதான். ஆனால் பழைய கிரேக்கர் அந்த முதல் எழுத்தை உதட்டை மூடித் திறந்து, மூச்சோடு சேர்ந்த 'ப' ஆகத்தான் சொன்னார்கள். நம் 'ப' அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆக, வேதாகமத் தமிழில் இருக்கிற பிலிப்பு பழைய கிரேக்கனின் காதுக்கு அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது. அரிசியில் நான் எழுதியது சரிதான் என்று அன்று கடையில் நிற்கும்போதுதான் மனம் அமைதியானது.

அவனுக்குப் பிடித்துப்போனது வேறு ஒன்று. ஹிப்போ என்றால் குதிரை என்றதும், "அப்போ ஹிப்போபொட்டாமஸ்?" என்றான். ஆற்றுக்குதிரை. அந்த மிருகத்தைப் பார்த்துக் கிரேக்கன் குதிரை என்றான், நாம் யானை என்று நினைத்து நீர்யானை என்கிறோம். பந்தயத் திடலைப் பிரெஞ்சில் இப்போட்ரோம் என்கிறார்களே, அதிலும் இந்தக் குதிரைதான். அப்புறம் அவன் டீ-ஷர்ட்டுகளை மறந்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

படத்தில் இருந்த வரலாற்றுப் பத்தியையும் சேர்ந்து படித்தோம். அதில் நல்லதும் இருந்தது. மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப்பு, கி.மு. 359 முதல் 336 வரை ஆண்டவர், அலெக்சாந்தரின் தந்தை என்று சரியாகப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டதுதான் எனக்கு வருத்தம். பெயருக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கி.மு. 356-இல் இவருடைய குதிரை ஒலிம்பியாவில் ஜெயித்தது, மகன் அலெக்சாந்தர் பிறந்ததும் அதே ஆண்டு. இவர் வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒரு பக்கம் ஜீயஸ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள். கிரெனிடெஸ் என்ற ஊரைப் பிடித்துத் தன் பெயரை வைத்தார், அதுதான் பிலிப்பி. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் என்று கேட்டிருப்பீர்களே, அந்த ஊர். ஒரு முற்றுகையில் ஒரு கண் போனது. கி.மு. 338-இல் கைரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் தோற்கடித்தார். இரண்டு வருடம் கழித்து, மகளின் கல்யாணக் கொண்டாட்டத்தில், அரங்கத்துக்குள் நுழையும்போது மெய்க்காப்பாளன் ஒருவனே குத்திக் கொன்றான். ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் இவரை எதிர்த்து முழங்கிய முழக்கத்தால், கடுமையாகத் தாக்கிப் பேசுவதற்கே பிரெஞ்சில் பிலிப்பிக் என்று பெயர் வந்துவிட்டது. எதிரியின் வாயிலும் பெயர் நின்றது. 1977-இல் வெர்கினாவில் ஆந்த்ரோனிகோஸ் என்ற தொல்லியலாளர் அரச கல்லறைகளைத் திறந்தார். எந்தக் கல்லறை பிலிப்புடையது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

பிழைகள் என்று பார்த்தால் மூன்று. இயேசுவின் பன்னிருவரில் ஒருவரான பெத்சாயிதா பிலிப்புவையும், எத்தியோப்பிய மந்திரியின் தேரோடு ஓடிப்போய்ப் பேசிய நற்செய்தியாளர் பிலிப்புவையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். இருவரும் வேறு வேறு. (ஓடுகிற தேருக்குப் பக்கத்தில் ஒரு பிலிப்பு. இந்தப் பெயர் குதிரையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.) பிலிப்பைன்ஸ் பிரான்ஸ் மன்னர் பெயரால் வந்தது என்று போட்டிருந்தார்கள். இல்லை, அது ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பு. கடைசியாக, ரோமைக் கிரேக்க மன்னர் ஒரு பிலிப்பு ஆண்டதாக ஒரு வரி. 244 முதல் 249 வரை ரோமை ஆண்ட பேரரசர் பிலிப்பு சிரியா பக்கத்துக்காரர், அரபியர் பிலிப்பு என்றே சொல்வார்கள். ரோம் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவை 248-இல் நடத்தியவர் அவர்தான்.

ஆனால் பிழைகளைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, மொரீஷியஸில் விற்கிற படத்தில் மொரீஷியஸ் இல்லாததுதான். நம் தீவுக்கு மோரிஸ் இளவரசர் பெயரை வைத்த டச்சுக்காரர்கள் யாரோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள்? ஸ்பெயினின் அந்த இரண்டாம் பிலிப்போடுதான். மோரிஸின் தந்தை வில்லியமின் தலைக்கு விலை வைத்தவரும் அந்தப் பிலிப்புதான். டச்சுக் கப்பல்கள் இங்கே கரையேறியது 1598 செப்டம்பரில். அதே செப்டம்பர் 13-ஆம் தேதி ஸ்பெயினில் பிலிப்பு இறந்தார். கரையில் இறங்கியவர்களுக்கு அந்தச் சேதி தெரிந்திருக்க வழியே இல்லை. பிறகு 1715 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து தீவுக்குப் பெயரை மாற்றினார்கள். அந்த மாதத்தில்தான் பதினான்காம் லூயி இறந்து, ஐந்து வயதுச் சிறுவனுக்காக நாட்டை நடத்தும் பொறுப்பு ஓர்லியன்ஸ் கோமகனுக்கு வந்தது. அவர் பெயரும் பிலிப்பு. போர்ட் லூயிக்குப் பெயர் தந்த பையனைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பிலிப்பு என்று சொன்னபோது கடைத் தம்பி ஒரு காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டான்.

பிரான்சுக்கு இந்தப் பெயர் எப்படிப் போனது என்பதும் அழகான கதை. 1060-இல் அரியணை ஏறிய முதலாம் பிலிப்புவின் தாய் கீவ் நாட்டு இளவரசி அன்னா. மேற்கு ஐரோப்பாவின் அரச வீடுகளில் அதுவரை அரிதாக இருந்த பெயர் அது. கிழக்கிலிருந்து வாழ வந்த மருமகள் பிள்ளையோடு ஒரு பெயரையும் அந்த வீட்டுக்குக் கொடுத்தாள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதற்குப் பிறகு பிரான்சில் எத்தனை பிலிப்புகள்!

இதைப் படித்தபோது என் மருமகளை நினைத்துக்கொண்டேன். அவள் கத்தோலிக்கக் குடும்பம். பிலிப்பு அவளுடைய அப்பாவின் பெயர். என் மகனுக்குச் செந்தில் என்று வைக்க ஆசை. எனக்கும்தான், மறைக்க மாட்டேன். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். எந்தத் தாத்தா என்பதுதான் கேள்வி. கிரேக்கர்களும் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள், பத்தாம் நாள் விருந்து போட்டுப் பெயர் சொன்னார்கள். 2,400 வருடத்துக்கு முன் ஏதென்ஸில் நடித்த ஒரு நகைச்சுவை நாடகத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் இதே சண்டை. அவன் பிள்ளைக்குத் தன் அப்பாவின் பெயரைக் கேட்கிறான், அந்தப் பெயரின் பொருளில் சிக்கனம் இருக்கிறது. அவள் பெரிய வீட்டுப் பெண், பெயரில் குதிரை வந்தே ஆக வேண்டும் என்கிறாள். குதிரை வைத்திருப்பது அங்கே வசதியின் அடையாளம். கடைசியில் சிக்கனத்தையும் குதிரையையும் சேர்த்து ஒரு பெயர் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு சண்டை இல்லை. சுப்பராயன் குடும்பப் பெயராக ஏற்கெனவே பின்னால் நிற்கிறார், முன்னால் பிலிப்பு வரட்டும் என்று மகனே சொல்லிவிட்டான். இரண்டு பக்கத்துத் தாத்தாவும் வந்தாயிற்று.

எனக்கு உள்ளூர இருந்த கொஞ்ச வருத்தமும் போனது இந்தக் குதிரையால்தான். என் மாமனார் ஷான் தெ மார்ஸ் பந்தயத் திடலுக்காகக் குதிரை வளர்த்த ஒரு லாயத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1812-இல் தொடங்கிய திடல் அது. குதிரைகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். பயந்துபோய் வருகிற குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, "ஒண்ணுமில்லடா, வந்துட்ட, வந்துட்ட" என்று தமிழில் பேசுவாராம். பந்தயத்தில் ஒரு சதம் கட்டியதில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். பழைய வழக்கம். குதிரைமேல் பிரியம் கொண்டவன் என்ற பெயருக்கு எங்கள் வீட்டில் முதலில் தகுதியுள்ளவர் அவர்தான். அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நம் ஊர்ப் பழக்கத்துக்கும் இது புதிதில்லை. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர், வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். திருக்குறளுக்கு உரை எழுதியவர் பெயர் பரிமேலழகர். குதிரையைப் பெயரில் ஏற்றிக்கொள்ள நாமும் கூச்சப்பட்டதில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். திருத்திய அச்சு ஆறு நாளில் வந்தது, கூடுதல் காசு கேட்கவில்லை. மேலே பிலிப்பு என்று தமிழில், கீழே இரண்டு பந்தலும் ஒட்டி நிற்கிற கிரேக்கத்தில், அதற்கும் கீழே பிரெஞ்சில். இரண்டு பிலிப்புகளைப் பிரித்திருக்கிறார்கள். 1598-ம் 1715-ம் வந்திருக்கின்றன. முதலில் இருந்த கார்ட்டூன் குதிரையை எடுத்துவிட்டு, அந்த வெள்ளிக் காசின் குதிரையை யாரையோ வைத்துக் கோட்டுப்படமாக வரைந்து போட்டிருக்கிறான். நான் கேட்கவே இல்லை. ஆள் கையைத் தூக்கியிருக்கிறான், குதிரையின் முன்கால் ஒன்று மடங்கியிருக்கிறது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை என்றால் சட்டம்தான். முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடு. ஒரு மூலையில் கீறல். பின்னால் ஆணியில் மாட்டுகிற கொக்கி ஒரே ஒரு சின்னத் திருகில் நிற்கிறது. தொட்டிலுக்கு மேலே மாட்டுகிற பொருளுக்கு அது போதாது. என் மகன் கழற்றி வேறு போட்டான், தொட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம் என்று எதிர்ச்சுவரில் மாட்டினோம். நீங்கள் வாங்கினால் தாளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், 800 ரூபாய் மிச்சம். அரப் டவுன் பக்கம் சட்டம் போடுகிறவர்களிடம் கொடுத்தால் நல்ல கண்ணாடியோடு செய்து தருவார்கள்.

இன்னொன்று, பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த எழுத்து, எந்த வரிசை என்று நீங்களே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள், கேட்காவிட்டால் நேரே அச்சுக்குப் போய்விடுகிறது. அவசரமாக வேண்டும் என்றால் இந்தக் கடை சரிப்படாது. சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் வேண்டும் என்றால் தைரியமாகப் போகலாம்.

போன ஞாயிறு சம்பந்தி வீட்டார் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். பெரிய பிலிப்பு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்று, பிரெஞ்சு வரிகளை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அறுபத்தெட்டு வயதில் தன் பெயருக்குள் குதிரை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு தமிழ் எழுத்தைக் காட்டி, இதில் எது 'ப' என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன், சட்டம் இல்லாமல். சனிக்கிழமை போய் எடுத்து வர வேண்டும்.